வெங்காயக் காய்ச்சல்

மகளுக்கு உடம்பு சுட்டால் நான் முதலில் நெற்றியைத் தொடுவதில்லை. அவள் அக்குளை முகர்ந்து பார்க்கிறேன். மூன்று வயதுக் குழந்தைக்கு வெங்காயத் தந்திரம் தெரிய வழியில்லை. ஆனாலும் முகராமல் இருக்க முடிவதில்லை.

வேலூரில் போர்டிங்கில் படித்தபோது அதை எனக்குச் சொல்லித் தந்தவள் என் பக்கத்துப் பாயில் படுத்தவள். சமையலறையில் வெங்காயம் திருடி, நறுக்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நின்றால் உடம்பு சுடும் என்பாள். அப்படி ஒரு சனிக்கிழமை படுத்து, துணி துவைக்காமல் தப்பித்தேன். பாலும் ரொட்டியும் கிடைத்தன. பாதி ரொட்டியை அவளுக்கு ஒளித்து வைத்தேன்.

அடுத்த வாரம் அவளுக்கே காய்ச்சல் வந்தது. அதற்குள் வெங்காயம் குறைவதைச் சமையல்காரி விடுதி மேட்ரனம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தாள். மேட்ரனம்மா என்னை மட்டும் சமையலறைப் பக்கம் அழைத்துப் போனார்.

"உண்மைய சொல்லு. அவ வெங்காயம் வச்சிக்கினு நடிக்கிறாளா?"

இல்லை என்று சொன்னால், வெங்காயத்தை எடுத்தது யார் என்று கேட்பார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். தந்திரம் அவளுடையதுதானே, நான் சொன்னது முழுப் பொய் இல்லையே என்று அப்போதே மனதுக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டேன்.

அன்று முழுவதும் அவளைக் கிணற்றில் தண்ணீர் இறைக்க வைத்தார்கள். "நெஜமாவே தல சுத்துதுடி" என்று என்னிடம் சொன்னாள். நான் குடத்தை வாங்கவில்லை. வாங்கினால் மேட்ரனம்மா பார்ப்பார். மூன்றாம் நாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. விஷ ஜுரம் என்றார் டாக்டரம்மா. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த அவள் அப்பா வந்தார். முழங்கை வரை ஆவாரம்பட்டைச் சாயம் ஏறிய கைகளில் மகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். அவள் திரும்பி வரவில்லை. நான் படிப்பை முடித்தேன்.

கல்யாணமாகி நானும் ஆம்பூருக்கே வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் தோல் மண்டியில் குமாஸ்தா. போன மாதம் கடைத்தெருவில், ஆவாரம்பட்டைக் கூடையோடு போன ஒருத்தி என்னைப் பார்த்து நின்றாள்.

"அடியே, ரொட்டி திருடி! நீயா? உம் பொண்ணா இது?"

அவளேதான். தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திப் பேசினாள்.

"சத்தமா பேசுடி. அந்த ஜொரத்துல காது போயிடிச்சி. எவளோ என்ன மேட்ரங்கிட்ட போட்டுக் குடுத்தா. யாருன்னு தெரிஞ்சா அவ வாயில முழு வெங்காயத்த திணிப்பேன்!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"நான்தான்" என்றேன்.

"இன்னா?"

"நான்தான் சொன்னேன்."

"ஒண்ணும் கேக்கல. இன்னும் ஜாஸ்தியா கத்து."

மண்டி ஆட்கள் இரண்டு பேர் எதிர்க்கடையில் நின்றிருந்தார்கள். என்னைத் தெரிந்தவர்கள். நான் மூச்சை இழுத்துக் கத்தினேன்: "பொண்ணுக்கு மூணு வயசு!"

"ராசாத்தி மாதிரி இருக்கா" என்று மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அவள் விரல் பட்ட இடத்தில் பட்டைத்தூள் ஒட்டியிருந்தது. வீடு வரும்வரை நான் அதைத் துடைக்கவில்லை.

அந்த மூன்று நாள் வீணாகாமல் இருந்திருந்தால் காது பிழைத்திருக்குமா? யாருக்கோ நடந்ததுபோல ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டுப் பார்த்தேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உண்மையை ஒரு காகிதத்தில் எழுதி அவளிடம் கொடுக்கலாம், அவளும் படித்தவள்தான். இரண்டு முறை எழுதி அடுப்பில் போட்டேன்.

போன வாரம் மகளுக்கு ஜுரம் வந்து தணிந்தது. இப்போது அவள் விளையாடும்போது பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். உடனே திரும்பாவிட்டால் மறுபடியும் கூப்பிடுகிறேன். குரலை உயர்த்துவதில்லை.