வாசலில் ஒரு பூவரசு

புதிய நகரத்தைச் சுற்றிப் பார்க்க நெய்வேலிக்கு வந்த நான், உச்சி வெயிலில் நண்பனின் குவார்ட்டர்ஸைத் தேடி அலைகிறேன். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி, எல்லா வீடும் ஒரே மஞ்சள். இதுவரை மூன்று தவறான கதவுகளைத் தட்டிவிட்டேன். ஊர் கட்டியவர்களுக்கு அடையாளம் என்று ஒன்று வேண்டும் எனத் தோன்றவே இல்லையா?

சாலையில் ஜல்லி கொட்டும் பெண்ணிடம் விலாசத்தை நீட்டுகிறேன்.

"நம்பரெல்லாம் தெரியாதுங்க. வாசல்ல என்னா இருக்குது?"

"பெரிய பூவரச மரம் என்று நண்பன் எழுதியிருக்கிறான்," என்கிறேன் எரிச்சலோடு.

கூடையை இறக்கி வைக்கிறாள்.

"முந்திரித் தோப்பு தாண்டித் திரும்புங்க."

"தோப்பு எங்கேம்மா இருக்கிறது?"

"இப்ப ஏதுங்க! நாலாவது தெருவுல திரும்புங்க. இந்த ஊரைக் கட்டறதுக்கு முன்ன எங்க வூடு இருந்த எடந்தாங்க அது. மரத்தை மட்டும் வெட்டாம வுட்டாங்க. வெய்யில்ல அலைஞ்சிகினு இருக்கீங்க, நெழல்ல செத்த குந்திட்டுப் போங்க."