நேற்று என்று தொடங்கும் ஐந்து வாக்கியங்கள்

“ஞாயிறு. மழை இல்லை. பங்கு வந்தது, ஓர் இலை. இரண்டு மணி நேரம் வைத்தும் வேகவில்லை. சாப்பிட்டேன்.”

என் பழைய டைரியில் ஐப்பசி மாதத்துப் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது. எந்த ஆண்டு என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் சங்கடம். அது துறையூரில் ஓர் உரக்கடையில் கொடுத்த டைரி. முந்தைய ஆண்டுக்குரியது, மிச்சமாகக் கிடந்ததால் கொடுத்தார்கள். அச்சடித்த கிழமைகளை அடித்துவிட்டுச் சரியான கிழமையை நானே ஒவ்வொரு பக்கத்திலும் எழுதினேன். பிப்ரவரி வரை சிவப்பு மையில், பிறகு கிடைத்த மையில். ஆகவே அதில் கிழமையை நம்பலாம். அட்டையில் இருக்கும் ஆண்டை நம்ப வேண்டாம்.

டைரியைத் தேடி எடுக்க வைத்தது ஒரு வாசனை. போன ஞாயிற்றுக்கிழமை பாய் கடையில் ஆட்டுத்தலையை வாட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். முடி கருகும் அந்த வாசனை வந்தால் மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு ஆங்கில வினைச்சொற்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஈட், ஏட், ஈட்டன். வீட்டில் இதைச் சொல்ல ஆரம்பித்தால், “கொழம்பு ஆறுது, வந்து உக்காருங்க” என்கிறார்கள். உங்களிடம்தான் சொல்ல முடியும்.

நான் அப்போது கொல்லிமலையில் தேவனூர் நாட்டில் (அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். முதல் வேலை. ஆறாம் வகுப்பில் பதினெட்டுப் பேர். எங்கள் பாடப்புத்தகத்தில் இறந்த காலத்துக்கு ரவி என்ற பையன் பொறுப்பு. ரவி நேற்று மிருகக்காட்சி சாலைக்குப் போனான், சிங்கம் பார்த்தான், ஐஸ்கிரீம் சாப்பிட்டான். “நேற்று நீ என்ன செய்தாய்?” என்று எழுதச் சொன்னால் பதினெட்டுப் பேரும் ரவி செய்ததையே தங்கள் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். மலையிலிருந்து பதினெட்டுப் பேர் போய்ச் சிங்கம் பார்த்துவிட்டு மறுநாள் காலைப் பிரேயருக்கு வந்து நிற்க முடியாது. பஸ் வசதி அப்படி.

தேதி விஷயத்தில் எனக்கு இருக்கும் வியாதி உங்களுக்குத் தெரியும். நடக்காத ஒன்றை, நடந்தது என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டால் எனக்கு அது பொய்ச் சாட்சியாகத்தான் படும். எனவே ஒரு சட்டம் போட்டேன். திங்கட்கிழமைதோறும் மேலே தேதி போட்டு, ‘எஸ்டர்டே’ என்று தொடங்கும் ஐந்து வாக்கியங்கள் எழுத வேண்டும். ஐந்தும் உண்மையாக இருக்க வேண்டும். தேதி இல்லாத நோட்டைத் திருத்த மாட்டேன்.

முதலில் தடுமாறினார்கள். பிறகு எழுத்து தானாக வந்தது. நேற்று நான் தண்ணீர் சுமந்தேன். நேற்று பஸ் வரவில்லை. நேற்று எங்கள் மாடு பள்ளத்தில் இறங்கியது, ஏறவில்லை. ஒருவன் மூன்று வாரம் தொடர்ந்து ‘நேற்று நான் தூங்கினேன்’ என்று ஐந்து முறை எழுதினான். விசாரித்தேன், உண்மைதான். இரண்டு மாதத்தில் வென்ட், ஸா, ஏட் எல்லாம் யாரையும் கேட்காமல் வந்து விழுந்தன. அதைப் பற்றி டைரியில் சற்று நீளமாகவே எழுதியிருக்கிறேன். அதை இங்கே எடுத்துக் காட்டப் போவதில்லை.

திருத்துவதற்கு எனக்கு ஒரு துணையும் கிடைத்தது. பஸ் நிற்கும் இடம் பள்ளிக்கு எதிரே. வனத்துறைக் கார்டு ஒருவர் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். தபாலில் ஆங்கில பி.ஏ. பாதி முடித்தவர். ஒருநாள் பொழுது போகாமல் ஒரு நோட்டை எடுத்தார், காக்கிச் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அதிலிருந்து பழக்கமாகிவிட்டது. கட்டாகக் குவார்ட்டர்ஸுக்கு எடுத்துப் போய்த் திருத்திக் கொண்டுவருவார். ‘எ’, ‘தி’ விட்டுப்போனால் ஈவிரக்கம் பார்க்க மாட்டார்.

பதினெட்டு வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பதைத் தேதி போட்டு, உண்மையாக எழுத வைத்து, வாராவாரம் வனத்துறையிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு இது உதவி என்று மட்டுமே தோன்றியது.

அந்த ஐப்பசியில் பன்றிகள் மரவள்ளிக் காட்டை உழுது போட்டிருந்தன. வெள்ளையன் என்பவரின் காட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. அவர் மகள் பழனியம்மாதான் என் வகுப்பு லீடர். ஞாயிறு மதியம் மேல்காட்டுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. சாயங்காலம் பழனியம்மா வாழை இலையில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள்.

“அப்பா குடுத்துட்டு வரச் சொன்னாருங்க சார்.”

“என்ன கண்ணு இது?”

“பங்குங்க.”

அங்கே வேட்டையில் கிடைத்ததை அடுப்புக் கணக்கில் பிரிப்பார்கள். கூடப் போனவர், போகாதவர் என்ற பேதமில்லை. ஊரில் எரிகிற அடுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. என் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் ஓர் அடுப்பாக எண்ணியதில் எனக்குப் பெருமையாகவே இருந்தது. இலையைப் பிரித்ததும் முடி வாட்டிய வாசனை அடித்தது.

மறுநாள் திங்கட்கிழமை. எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது பழனியம்மா மேசையருகே வந்தாள்.

“சார், சுடறதுக்கு நேத்து என்னங்க?”

“ஷாட்” என்றேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன். பாடத்தில் இல்லாத வினைச்சொல்லை ஒரு பிள்ளை தானாக வந்து கேட்டது எனக்கு நிறைவாக இருந்தது. யார் எதைச் சுட்டார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. சுட்டதில் ஒரு பங்கு என் வயிற்றில் இன்னும் செரிக்காமல் இருந்தது.

அன்று மதியமே சேந்தமங்கலத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டேன். குழந்தைகளைத் தயக்கமின்றி ஆங்கிலத்தில் எழுத வைப்பது எப்படி என்பது பயிற்சி. வியாழக்கிழமை திரும்பி வந்தால் மேசைமேல் நோட்டுகள் இல்லை.

“கார்டு சார் வாங்கிட்டுப் போனாருங்க. நாந்தாங்க எண்ணிக் குடுத்தேன். பதினெட்டு” என்றாள் பழனியம்மா.

“நீ என்ன எழுதின?”

கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தாள். “எஸ்டர்டே மை ஃபாதர் ஷாட் எ பிக். எஸ்டர்டே வி ஏட் தி பிக். எஸ்டர்டே சார் ஏட் தி பிக்.” இன்னும் இரண்டு இருந்தன. ஐந்திலும் ஒரு பிழை இல்லை.

வெள்ளையனின் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடையாது. பன்றிக்கு ஒரு வழக்கு, துப்பாக்கிக்கு ஒரு வழக்கு. அவர் உள்ளே போனால் மிச்சக் கிழங்கைப் பிடுங்க ஆள் இல்லை. பழனியம்மா பள்ளியை விட்டுக் காட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சாயங்காலம் வெள்ளையன் வந்து பள்ளி வாசலில் நின்றார்.

“ஏனுங்க சார், எழுதுனத அழிக்க முடியாதுங்களா?”

“நோட்டு அவருகிட்ட இருக்குதுங்களே.”

“கார்டு கேட்டா இல்லைன்னு சொல்லு சாமின்னு ஊட்ல சொல்லிப் பாத்தேனுங்க. ‘சார் நெசந்தான் எழுதோணும்னு சொன்னாரு’ங்குது. நாங்க சொல்ற ஒண்ணையும் கேக்காதுங்க, இத மட்டும் புடிச்சுக்கிச்சு.”

நான் செருப்பை மாட்டினேன்.

“இனி அந்த ரவியவே எழுதச் சொல்லுங்க சார். அந்தப் பையன் எங்க போனா நமக்கென்னங்க.”

நான் குவார்ட்டர்ஸ் வரை நடந்தேன். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேசைமேல் கட்டு, கட்டின்மேல் சிவப்புப் பேனா. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டால் மேசை எட்டவில்லை. அதையும் செய்து பார்த்தேன் என்பதற்காக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை கார்டு வந்து கட்டை மேசைமேல் வைத்தார்.

“இறந்த காலம் பரவால்லீங்க சார். ‘எ’, ‘தி’ தான் இன்னும் வீக்கு.”

“சரிங்க.”

“ஆனா கற்பனை பத்தாது. பதினெட்டு நோட்டுலயும் ஒரே பன்னி.”

“பயிற்சிக்கு நாந்தாங்க அந்த வார்த்தையக் குடுத்தேன்” என்றேன்.

அவர் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு பழனியம்மாவைக் கூப்பிட்டு, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே துடைத்த பலகை. பழனியம்மா நிதானமாக யோசித்தாள். நேற்று என்பது வியாழக்கிழமை.

“எஸ்டர்டே ஐ ஏட் களி, சார்.”

“கரெக்ட்.”

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். “அடுத்த வாரம் ரேஞ்சர் வாராருங்க சார். அவருக்கும் இங்கிலீஷ் நல்லா வரும்.”

மிரட்டினாரா, எச்சரித்தாரா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் அவருக்கு ஒரே முகம். அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது முடிவு செய்தேன்: பழனியம்மாவின் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும். எழுதிய பக்கம் எதையும் அதுவரை நான் கிழித்ததில்லை. சலவைக்குப் போட்ட துணிகளின் பட்டியல்கூட வைத்திருக்கிறேன். ரோட்டிலிருந்து வகுப்பறை வரை அந்த முடிவு இரண்டு முறை மாறியது. உள்ளே போய் நோட்டைத் திறந்தேன். பக்க எண் போட வேண்டும் என்பதும் என் சட்டம். முப்பதுக்குப் பிறகு முப்பத்து மூன்று இருந்தது. நோட்டின் நடுவில் அடித்த பின்னை ஒட்டிச் சீராகக் கிழித்திருந்தார்கள்.

மற்ற பதினேழு நோட்டையும் பார்த்தேன். எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றிரண்டு ‘ஈட்டெட்’டும் சிவப்பு மையில் ‘ஏட்’ ஆகியிருந்தது. சுட்டது யார் என்று ஒருவரும் எழுதவில்லை.

பக்கம் கார்டிடம் இருப்பதாக நினைத்து வெள்ளையன் மூன்று வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை. காட்டுக் கொட்டாயிலேயே இருந்தார். ஜீப் சத்தம் கேட்டால் காப்பிச் செடிகளுக்குள் போய்விடுவாராம். அந்த மூன்று வாரமும் பழனியம்மா பள்ளிக்கு வரவில்லை. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோக ஆள் வேண்டுமே. ரேஞ்சர் வந்தார், ஒழுகும் கூரையைப் பார்த்து வருத்தப்பட்டார், டீ குடித்தார், போனார். வழக்கு எதுவும் வரவில்லை. நான்காவது திங்கள் பழனியம்மா வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அதற்குள் நான் ‘எஸ்டர்டே’வை விட்டு ‘டுமாரோ’வுக்குப் போயிருந்தேன். நாளைக்கு நான் பள்ளிக்கு வருவேன் என்று எல்லோரும் எழுதினார்கள். செவ்வாய்க்கிழமை ஐந்து பேர் வரவில்லை. யாரும் கவலைப்படவில்லை.

இப்போது அந்தப் பள்ளியை வேறொரு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். என் வகுப்பறையில் மிளகு மூட்டை அடுக்கியிருக்கிறது. பிள்ளைகள் வேனில் ஆங்கில வழிப் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுடைய பயிற்சிப் புத்தகத்தைப் போன வருடம் புரட்டிப் பார்த்தேன். கோடிட்ட இடத்தை நிரப்பினால் போதும். தேதி போட இடமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

அந்தப் பக்கத்தைப் பற்றி நான் மூன்று பேரிடம் விசாரித்தேன். கார்டு, தான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டபோது சொன்னார்: “நான் திருத்தறவன் சார். கிழிக்கற பழக்கமில்ல.” வெள்ளையன் இறப்பதற்குச் சில மாதம் முன்பு சொன்னார்: “படிக்கத் தெரியாதவனுக்கு எந்தப் பக்கம்னு எப்பிடிங்க தெரியும்?” பழனியம்மா இப்போது ராசிபுரத்தில் இருக்கிறாள். பொங்கலுக்குப் போன் செய்தபோது கேட்டேன். அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. “நான் எதுக்குங்க சார் கிழிக்கப் போறேன்? அஞ்சும் தப்பில்லாம எழுதியிருந்தேனே.”

மூன்றையும் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன். நான் பஸ் ஏற்றிவிடப் போன நேரத்தில் கட்டு மேசைமேல் திறந்தபடி கிடந்தது என்பதையும், வகுப்பில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிழித்தது நான் இல்லை. அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். யார் என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.