என் பெயரில் ஒரு கொடுவா

மீன் சாப்பிடாதவன் மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு வாங்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. பிற்காலத்தில், அரசு அலுவலகம் ஒன்றில் அமர்ந்து பிறருடைய விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதே பிழைப்பாக இருந்தபோது, ஓய்வு நேரத்தில் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை. ஆகவே பத்து வயதில் நான் செய்தது விதிமீறல் அல்ல, வெறும் முட்டாள்தனம். இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு.

அப்போது நாங்கள் வங்காளத்தில் டாக்குரியா என்னும் பகுதியில், ரயில் நிலையத்துக்குப் பின்புறச் சந்து ஒன்றில், மாடியில் குடியிருந்தோம். எதிர் வீட்டில் பாப்லு. என் வயது, என் வகுப்பு. எங்கள் பால்கனிக்கும் அவர்கள் ஜன்னலுக்கும் நடுவே ஒரு சைக்கிள் ரிக்ஷா போகும் அகலம்தான். அவர்கள் வீட்டில் கடுகெண்ணெய் காய்ந்தால் அம்மா எங்கள் ஜன்னலைச் சாத்துவாள். எங்கள் வீட்டில் பெருங்காயம் பொரிந்தால் அவர்கள் தங்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். மற்றபடி மிக நெருக்கமான உறவு.

பாப்லுவின் அப்பாவை நான் ‘காகு’ என்று கூப்பிடுவேன். வங்காளத்தில் சித்தப்பா. அவர் வேலை பார்த்த மில்லில் சில மாதங்களாகக் கதவடைப்பு. எனக்கு அது, காகு பகலெல்லாம் வீட்டில் இருக்கிறார், ஆனாலும் பட்டம் விடக் கூப்பிட்டால் வருவதில்லை என்ற அளவில்தான் தெரியும். இவ்வளவு நீண்ட விடுமுறை என் அப்பாவின் அலுவலகத்துக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை என்று வருந்தியிருக்கிறேன்.

அந்தக் கோடையில், பாப்லுவின் அக்காவுக்குக் கல்யாணமான பிறகு வந்த முதல் ஜாமாய் ஷஷ்டி. மாப்பிள்ளையை மாமியார் வீட்டுக்கு அழைத்து, விசிறியால் வீசி, எழுந்திருக்க முடியாதபடி சாப்பாடு போடும் நாள். முதல் ஷஷ்டியில் இலைக்கு என்ன வந்தது என்பதை மாப்பிள்ளையின் ஊர் ஆயுளுக்கும் பேசும். பெட்கி மீனைக் கடுகு அரைத்து வாழையிலையில் கட்டி வேக வைத்தால் போதும், குடும்ப மானம் நிற்கும். பெட்கி என்பது நம் ஊர்க் கொடுவா. பாப்லுவின் அம்மா, எனக்குக் ‘காகிமா’, கடைக்குப் போய் முட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி, சமையலறையில் உட்கார்ந்து அழுததைப் பாப்லு பார்த்துவிட்டான்.

“நாமே பிடிப்போம்” என்றான். நாங்கள் பேசியது வங்காளத்தில். அவனுடைய வசவுகளை விட்டுவிட்டு மற்றதைத் தமிழில் தருகிறேன். “டாலிகஞ்ச் கிளப் குளத்துல பெட்கி இருக்கு. சின்னப் பசங்களுக்கு ஞாயித்துக்கிழமை சீட்டு தர்றாங்க. அப்பாவோட தூண்டில் பரண்ல தூங்குது. ஃபாரத்தை மட்டும் நீ எழுது, மாட்ராஜி. என் கையெழுத்து எனக்கே புரியாது.”

படிவத்தின் அடியில், ‘விண்ணப்பதாரர் தம் கையாலேயே பூர்த்தி செய்ய வேண்டும்’ என்று அச்சிட்டிருந்தது. நான் யோசித்தேன். பூர்த்தி செய்வது என் கை. எனவே விண்ணப்பதாரர் நான். என் பெயர், என் தந்தை பெயர், எங்கள் முகவரி எல்லாவற்றையும் அழகாக எழுதினேன். பாப்லு அதைப் படித்துப் பார்க்கவில்லை. எந்தத் தாளையும் படிப்பதில்லை என்ற கொள்கை அவனுக்கு இருந்தது.

ஷஷ்டி அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையிலேயே விழுந்தது. விடியற்காலையில் கிளம்பினோம். பாப்லுவோடு டாலிகஞ்ச் பக்கம் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அது உண்மை. உண்மையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. அம்மா தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். பாப்லு ஒரு டப்பாவில் உயிருள்ள இறாலும், கயிற்றின் முனையில் தன் நாயும் கொண்டுவந்தான். நாயின் பெயர் பாகா. புலி என்று அர்த்தம். காய்கிற வேட்டி காற்றில் அசைந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

நாயோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார் கண்டக்டர். நடந்தே போனோம். கிளப் வாசலில் காவல்காரர் தடியை நீட்டி, “நாய் கூடாது” என்றார். நான் அறிவிப்புப் பலகையைப் படித்தேன். ‘அவிழ்த்துவிடப்பட்ட நாய்களுக்கு அனுமதி இல்லை’ என்றுதான் இருந்தது. எங்கள் நாய் கட்டியிருக்கிறதே என்றேன். அவர் பலகையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். “வக்கீல் வீட்டுப் பிள்ளையா? போ, போ. கத்தினா ரெண்டு பேரையும் சேர்த்துத் துரத்துவேன்.”

குளத்தைச் சுற்றிக் குடைகளுக்குக் கீழே பெரியவர்கள் சாமி கும்பிடுவதுபோல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பாப்லு இறாலைக் கொக்கியில் மாட்டியபோது நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இறால்களை நண்டுகள் தின்று தீர்த்தன. கடைசி இறாலை மாட்டி வீசிவிட்டு, பக்கத்துக் குடைக்காரரிடம் நாலு இறால் கேட்டு வரப் புறப்பட்டான். ஒரு கையில் தூண்டிலைக் கொடுத்தான், மறு கையில் நாயைக் கொடுத்தான். “ரெண்டையும் விட்டுடாதே!”

எனக்குப் பசி. தயிர்சாதத்துக்கு ஒரு கை, டப்பாவைப் பிடிக்க ஒரு கை. இரண்டையும் விடக் கூடாது என்பதுதான் உத்தரவு, கையில்தான் பிடிக்க வேண்டும் என்று உத்தரவில் இல்லை. நாயின் கயிற்றைத் தூண்டிலின் கைப்பிடியில் இரண்டு முடிச்சாகப் போட்டு, இரண்டின் மேலும் ஒரு காலை வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

மூன்றாவது கவளத்தில் தூண்டில் என் காலடியிலிருந்து உருவிக்கொண்டு குளத்தை நோக்கிப் போனது. தானாக நகரும் ஒரு குச்சியைப் பாகா அதுவரை கண்டதில்லை. அது ஊளையிட்டுக்கொண்டு வாசலை நோக்கி ஓடியது. குச்சியும் கூடவே துரத்தி வருவதைக் கண்டு இன்னும் வேகமாக ஓடியது. தூண்டிலின் சக்கரம் எங்கோ சிக்கியிருந்தது. ஒரு முனையில் மீன், மறு முனையில் நாய், நடுவில் டப்பாவோடு நான். மீனுக்குப் பலம் அதிகம், ஆனால் நாய்க்குப் பயம் அதிகம். என் கை நீளத்துக்கு ஒரு பெட்கி கரையேறி, என் தயிர்சாதத்தின் மேல் வந்து துள்ளியது.

குடைகள் எல்லாம் எழுந்து கைதட்டின. கிளப்பின் செயலாளர் பதிவேட்டோடு வந்தார். வெள்ளை வேட்டி, மூக்கின் நுனியில் கண்ணாடி.

“யார் பிடிச்சது?”

“நாய்” என்றேன். பொய் சொல்லும் இடம் அதுவல்ல என்று தோன்றியது.

“நாய்க்குச் சீட்டு இருக்கா?”

“இல்லை.”

“அப்ப நாய் பிடிக்கலை.” சீட்டை வாங்கிப் பார்த்து என் பெயரை எழுத ஆரம்பித்தார். பாப்லு ஓடிவந்தான். “என் மீன்! என் அப்பாவோட தூண்டில்!”

“தூண்டிலை நாங்க பதியறதில்லை, தம்பி. ஆளைத்தான் பதியறோம்.”

இன்றைக்கும் அந்தச் செயலாளரிடம் நான் குறை காண மாட்டேன். அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கிளப்புக்கு ஒரு வழக்கமும் இருந்தது. பருவத்தின் முதல் பெட்கிக்கு நெற்றியில் குங்குமம் வைத்து, பிடித்தவர் கழுத்தில் மாலை போட்டு, சிறுவனாக இருந்தால் செயலாளரே வீட்டுக்குக் கொண்டுபோய்த் தகப்பனாரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவார். முன்பு எவனோ ஒரு பையன் மீனை வழியிலேயே விற்றுவிட்டுச் சினிமாவுக்குப் போனதிலிருந்து ஏற்பட்ட ஏற்பாடு.

எனவே சைக்கிள் ரிக்ஷாவில் செயலாளர், பக்கத்தில் மாலையோடு நான், என் மடியில் குங்குமத்தோடு மீன். பின்னால் தூண்டிலையும் நாயையும் இழுத்துக்கொண்டு பாப்லு ஓடிவந்தான். “மாட்ராஜித் திருடா! ஒரு மணிக்கு இலை போட்டுடுவாங்கடா!” அவன் அழுதுகொண்டே ஓடினான். நான் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். இது அவனுடையது என்று மூன்று முறை சொன்னேன். “பதிவாயிடுச்சு, பாபா” என்று மூன்று முறையும் செயலாளர் அன்பாகச் சொன்னார்.

கதவைத் திறந்தது அம்மா. “என்னடா இது கண்றாவி!” என்றவள், என்னைக் கவனிக்கும் முன் ஓடிப்போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். அப்பா வந்தார். ஒப்புகைச் சீட்டை முன்னும் பின்னும் முழுவதும் படித்தார், தேதி விட்டுப்போனதைக் காட்டிப் போடச் சொன்னார், பிறகு கையெழுத்திட்டார். தன்னைப்போல ஒருவரைக் கண்ட திருப்தியோடு செயலாளர் படியிறங்கினார். மீன் வாசலில் ஒரு செய்தித்தாளின் மேல் கிடந்தது.

பாப்லு மூச்சிரைக்க மேலே வந்தான். அப்பா அவனுக்கு ‘ஜேட்டு’, அதாவது பெரியப்பா. “ஜேட்டு, என் மீனைக் குடுத்துடுங்க!” ஷஷ்டி, முட்டை, காகிமா அழுதது, பரணிலிருந்து எடுத்த தூண்டில் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். அப்பா குறுக்கிடாமல் கேட்டார்.

“உங்க அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா தோலை உரிச்சுடுவார். போன வாரம் மாமா அனுப்பின மாம்பழத்தையே திருப்பி அனுப்பிட்டார்.”

“மாப்பிள்ளை வந்தாச்சா?”

“முன் அறையிலதான் உட்கார்ந்திருக்கார்.”

பாப்லு மீனைத் தூக்கக் குனிந்தான். “இரு” என்றார் அப்பா. உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, அலுவலகச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வாழ்நாளில் மீனைத் தொடாத மனிதர் அதைச் செய்தித்தாளோடு இரண்டு கைகளிலும் ஏந்தினார். “தூண்டிலைக் கீழேயே வைச்சுட்டு வா. நான் பேசும்போது ரெண்டு பேரும் வாயைத் திறக்கப்படாது.”

காகு கதவைத் திறந்தார். பின்னால் பட்டு ஜிப்பாவில் மாப்பிள்ளை. அப்பா தன் அலுவலக வங்காளத்தில், அண்ணா என்று பொருள்படும் ‘தாதா’வோடு ஆரம்பித்தார்.

“தாதா, என்னைக் காப்பாத்தணும். இந்தத் தறுதலை மீனைப் பிடிச்சுண்டு வந்துட்டான். என் வீட்ல சமையலறையைப் பூட்டியாச்சு. இது வாசல்ல இருக்கற வரைக்கும் எனக்குச் சாப்பாடு கிடையாது.”

காகுவின் முகம் இறுகியது. “இல்லை இல்லை, எடுத்துட்டுப் போங்க. எங்க வீட்ல எல்லாம் தயாராயிடுச்சு.”

“அப்ப குப்பைத் தொட்டிதான். உங்களை விட்டா இந்தச் சந்துல எனக்கு யார் இருக்கா?” அப்பா உண்மையாகவே திரும்பினார்.

“குப்பையிலயா? பெட்கியையா?” காகு செய்தித்தாளை விலக்கிப் பார்த்தார். “ஆரே மொஷாய், நீங்கல்லாம் மனுஷங்கதானா?” பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, “பார்த்தீங்களா, இந்த மாட்ராஜிகளுக்குப் பக்கத்துல குடியிருக்கற கொடுமையை? அவங்க வீட்டுப் பாவத்தையெல்லாம் நாமதான் தின்னு தீர்க்கணும்! குடுங்க, குடுங்க. பக்கத்து வீட்டுக்காரனா ஆனப்புறம் என்ன செய்யறது!” என்றவர் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “வாழையிலை இருக்கா பாரு!”

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். “நீயா பிடிச்சே?” என்று காகு என்னைக் கேட்டார். நான் “நாய்” என்று ஆரம்பித்தேன். அப்பா என் தோளைக் கிள்ளினார். பாப்லுவின் தலையில் கையை வைத்து அவனையும் அடக்கினார். கைகூப்பி இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்து அப்பா தலை முழுகினார். எனக்குத் தாங்கவில்லை. வகுப்பில் பென்சில்கூட ஒருவரிடம் கேட்டு வாங்கக் கூடாது என்று சொல்பவர், முன்பின் தெரியாத மாப்பிள்ளைக்கு முன்னால் கெஞ்சிவிட்டு வந்திருக்கிறார். அதுவும் பாப்லுவின் மீனுக்காக. அவனிடமே கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பிற்பகல் மூன்று மணிக்கு எதிர் ஜன்னல் திறந்தது. வெற்றிலை போட்ட வாயோடு காகு சந்து முழுவதும் கேட்கக் கத்தினார்: “மாட்ராஜி பாபு! அடுத்த ஞாயிறும் இப்படி ஏதாவது ஆபத்து வந்தா கூச்சப்படாம எங்கிட்ட வாங்க!” கீழே தெருவில் போனவர்கள் நின்று சிரித்தார்கள். பாகா குரைத்தது. அப்பா ஈரத் தலையோடு பால்கனிக்குப் போய், எல்லோரும் பார்க்க, இரண்டு கைகளையும் உயர்த்திக் கும்பிட்டார்.

நான் வெட்கத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இவரைப்போல மட்டும் ஒருநாளும் ஆகக் கூடாது என்று அன்று நினைத்தேன்.