நான் சொன்ன சாக்கு

மாதேஷ் விழுந்தபோது என் வாயிலிருந்து வந்த முதல் ஜெபம், சாப்பாட்டு ஜெபம். 'ஆண்டவரே, எங்கள் முன் வைத்திருக்கும் இந்த உணவை ஆசீர்வதியும்' என்று ஓடுதளத்தின் ஓரம் ஈரப் புல்லில் நின்றபடி முழுதாகச் சொல்லி, ஆமென் போட்டேன். என் முன்னால் கிடந்தது உணவு அல்ல. வலது கை கருகி, கண் பாதி திறந்தபடி கிடந்த ஒரு மனிதன்.

சபைக்கு இந்தச் சாட்சியை எழுதச் சொன்ன நம் போதகர், "ஜெயசீலன், சிரிப்பு மட்டும் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். நான் சிரிப்புக்காக எழுதவில்லை, ஐயா. நடந்ததே இப்படித்தான்.

சபையில் பலருக்கு என்னை மைக்கும் விளக்கும் சரிசெய்கிற ஆளாகத்தான் தெரியும். பிழைப்புக்கு நான் எங்கள் மைசூர் விமான நிலையத்தில் எலக்ட்ரீஷியன். ஒப்பந்தக்காரர் வைத்த ஆள். பதினொரு வருடம் ஆகிறது. ஓடுதளத்தின் இரண்டு ஓரங்களிலும் விளக்குகள் இருக்கின்றன அல்லவா, அவை எரிவது எங்கள் பொறுப்பு. வந்து இறங்குகிற விமானங்கள் சிலவே. நடுப்பகலில் ஓடுதளம் காலியாகக் கிடக்கும். அப்போதுதான் எங்கள் வேலை.

அந்த விளக்குகள் வீட்டு விளக்குகள் மாதிரி இல்லை. எல்லாம் ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை, இணைப்புகள் ஓரத்துக் குழிகளுக்குள் இருக்கும். ஓர் அறையில் ரெகுலேட்டர் என்கிற இயந்திரம் அந்த வயருக்குள் ஒரே அளவு மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வயர் எங்காவது பிரிந்தால் அதற்குப் பொறுக்காது. எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்று அழுத்தத்தைக் கூட்டும். பிறகுதான் அதற்குப் புத்தி வந்து தானாக நின்றுகொள்ளும். புத்தி வர ஒரு நொடி போதும். ஆள் சாகவும் அந்த ஒரு நொடி போதும்.

அதனால் விதி கடுமையானது. வெளியே குழியில் வேலை செய்கிறவரின் சட்டைப் பையில் ரெகுலேட்டரின் சாவி இருக்க வேண்டும். வாக்கி டாக்கியில் ஆன், ஆஃப் என்று ஆங்கிலத்தில் மட்டும் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த விதியை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அதைக் கெடுத்தவனும் நான்தான்.

கன்னடத்தில் 'ஹாக்கு' என்றால் போடு. 'சாக்கு' என்றால் போதும். ஒருநாள் விளையாட்டாக ஆன் என்பதற்கு ஹாக்கு, ஆஃப் என்பதற்கு சாக்கு என்று சொல்லிப் பார்த்தேன். ரெகுலேட்டர் அறையில் இருந்த நாகராஜு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மண்டியா பக்கத்துக் கன்னடக்காரர். நான் பேசும் கன்னடமே அவருக்கு ஒரு காமெடி. மறுநாளும் சொன்னேன். ஒரு மாதத்தில் எங்கள் மூன்று பேருக்கும் அதுவே பாஷையாகிவிட்டது. சாவி? ஒவ்வொரு சோதனைக்கும் அதை எடுக்க யார் அவ்வளவு தூரம் போய் வருவது? அது இயந்திரத்திலேயே தொங்கியது.

மூன்றாவது ஆள்தான் மாதேஷ். மாதேஸ்வரன் மலையடி ராமாபுரத்துத் தமிழன். அந்த மலைச் சாமியின் பெயர் வைத்த பிள்ளை. மாதம் ஒருமுறை மலைக்குப் போய்த் திருநீற்றோடு வருவான். அவனுக்குக் கொஞ்சம் திக்குவாய். நான் அவனுக்கு வைத்த பெயர் டிம்மர். டிம்மர் போட்டால் விளக்கு மெதுவாகத்தானே ஏறும். வாக்கி டாக்கியில் அவன் பேசி முடித்ததும் அதே மாதிரி திக்கிப் பேசிக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அவன் சிரித்ததால் அது குற்றமில்லை என்று பதினொரு வருடம் நினைத்துக்கொண்டேன்.

போன மழைக்காலம். ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரி பெய்த மழையில் எங்கோ ஓர் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருந்தது. ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். ஹாக்கு என்பேன், நாகராஜு போடுவார், அளவு பார்ப்பேன். சாக்கு என்பேன், நிறுத்துவார். ஐந்தாவது குழியில் அளவு பார்த்து, சாக்கு சொல்லி, இணைப்பைப் பிரிக்கச் சொன்னேன். ஈரத்தில் வழுக்குகிறது என்று மாதேஷ் வலது கையுறையைக் கழற்றினான். நான் தடுக்கவில்லை.

"ஆ... ஆஃப் ஆயிருச்சுங்களாண்ணா?"

"ஆ... ஆ... ஆ... ஆயிருச்சுங்க" என்றேன்.

அவன் சிரித்தான். இணைப்பைப் பிரித்தான். ஆனாலும் கண் என் மேலேயே இருந்தது. "இந்தாடா, உன் மனசு குளிர இன்னொரு தடவை சொல்றேன், கேட்டுக்க" என்று பட்டனை அழுத்தி, "சாக்கு" என்றேன்.

வாக்கி டாக்கியில் பட்டனை அழுத்தியதும் பேசக் கூடாது. ஒரு நொடி பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் எழுத்து அங்கே போய்ச் சேராது. இதையும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். சாக்கு, 'ஆக்கு' என்று போய் விழுந்தது. மண்டியா பக்கத்து ஆட்கள் 'ஹ' சொல்ல மாட்டார்கள். ஹாக்கு என்பதே அவர்களுக்கு ஆக்குதான்.

நாகராஜு போட்டார்.

அதன் பிறகு நான் செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு ஜெபம் சொன்னேன். உதவிக்கு ஓடினேன், பாதி தூரம் போன பிறகுதான் ஆள் இல்லாத திசையில் வேலியைப் பார்த்து ஓடுகிறேன் என்று தெரிந்தது. திரும்பி வந்து தீயணைப்புப் பிரிவைக் கூப்பிட்டு, "வணக்கம் சார், ஜெயசீலன் பேசறேன், சாப்பிட்டாச்சா?" என்றேன். அந்தப் பக்கத்தில் சிரிப்பு. "ஏன் சமாச்சார ஜெயசீலன், இவத்து யாவ ஜோக்கு?" என்றார்கள். என்ன சமாச்சாரம், இன்று என்ன ஜோக் என்று. எனக்கு வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. ஆ... ஆ... என்றேன். மாதேஷைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள்.

இயந்திரம் தானாக நின்றதைப் பார்த்து ஏதோ தப்பு என்று புரிந்து, தீயணைப்பு வண்டியை அனுப்பவைத்தவர் நாகராஜு. வந்தவர்கள் மாதேஷின் மார்பை அழுத்தி அழுத்தி மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நான் அவனுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் எங்கள் இன்ஜினியர் என்னிடமும் நாகராஜுவிடமும் எழுதி வாங்கினார். நான் எழுதியது: ஆங்கிலத்தில் ஆஃப் என்றுதான் சொன்னேன், நாகராஜு தவறாக ஆன் செய்தார். சாவியைக் கேட்டும் அவர் தரவில்லை என்றும் சேர்த்தேன். பொய் ஒன்றே ஒன்றாக இருந்தால் தனியாக இருக்குமே. தமிழில் சாக்கு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் இரண்டு பாஷையிலும் அதைச் சொல்லி முடித்தேன்.

நாகராஜு என்னைத்தான் பார்த்தார். "நீவே ஆக்கு அந்த ஏள்த்ரல்லா அண்ணா." நீங்கள்தானே போடச் சொன்னீர்கள் என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. சந்தேகம் கேட்கிற மாதிரி. மறுநாள் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் சொன்ன வார்த்தையைக் காதால் கேட்ட ஆள் உலகத்தில் இன்னொருவன் மட்டுமே. அவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தான்.

சகோதர சகோதரிகளே, இனி எழுதப்போவதை என் மனைவியிடம்கூட நான் முதலில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபித்தேன். கண்ணீர் வழிய ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் தெரியுமா? ஆண்டவரே, அவன் வாய் திறக்கக் கூடாது. அவ்வளவுதான். சாகட்டும் என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கு நாகரிகம் இருந்தது. எப்படி வாய் திறக்காமல் இருப்பான் என்பதை அவர் சித்தத்துக்கு விட்டுவிட்டேன்.

கண்ணைத் திறந்தால் மாதேஷின் மனைவி செல்வி முன்னால் நிற்கிறாள். கையில் மலைத் திருநீற்றுப் பொட்டலம். மூன்று நாளாகத் தலை வாரவில்லை.

"ஏனுங்கண்ணா, நீங்க அழுது வேண்டறதப் பாத்தாத்தானுங்க எனக்குத் தெகிரியமா இருக்குது. உங்க சாமிகிட்ட நீங்க என்ன கேக்கறீங்களோ, அது அப்புடியே நடக்கோணுங்க."

அப்படியே நடக்க வேண்டும் என்றாள்.

அரை மணி நேரத்தில் உள்ளிருந்து நர்ஸ் ஓடி வந்தார். மாதேஷின் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது. டாக்டர் செல்வியைக் கூப்பிட்டு, தைரியமாக இருக்கச் சொன்னார். தைரியமாக இருக்கச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும்.

நான் கீழே ஓடினேன். பைக் நிறுத்துமிடத்தில் இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவில் முழங்காலில் விழுந்தேன். ஆண்டவரே, முந்தைய விண்ணப்பத்தை ரத்து செய்யும் என்றேன். பேங்கில் செக்கை நிறுத்தச் சொல்கிற தோரணையில் தொடங்கி, முடிவில் தரையில் நெற்றியை இடித்துக்கொண்டிருந்தேன். அவன் பிழைக்கட்டும். அவன் பேசட்டும். முதல் வார்த்தையே என்னைப் பற்றியதாக இருக்கட்டும். என் ஜெபத்தை நீர் கேட்டுவிட்டீரோ என்று ஐம்பது வயதில் முதல் தடவையாகப் பயந்தேன். அதுவரை அவர் கேட்பார் என்று நான் நம்பியதே இல்லை போலிருக்கிறது. ஸ்கூட்டர் சொந்தக்காரர் வந்து, "சார், ஸ்வல்ப சர்க்கொள்ளி, காடி தெகீபேக்கு" என்றார். கொஞ்சம் நகரச் சொன்னார், வண்டி எடுக்க வேண்டுமாம். தள்ளிப் போய் முழங்காலிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தேன்.

சாயங்காலத்துக்குள் துடிப்பு சீரானது. மாத்திரை, ஊசி, டாக்டரின் திறமை எல்லாம் இருக்கிறது. நான் மறுக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் உடனே போய் உண்மையைச் சொல்லவில்லை. முழங்காலில் வந்த வீரம் எழுந்து நின்றதும் இறங்கிவிட்டது. அன்று வீட்டில் என் மனைவி எஸ்தர் தட்டை வைத்தபடி கேட்டாள். "மூணு நாளா ஒரு ஜோக்கும் அடிக்கல. என்ன செஞ்சீங்க?"

"துக்கம்மா."

"துக்கத்துல அடிக்காத ஆளா நீங்க? எங்கப்பாவப் பெட்டியில வெச்சிருந்தப்பவே அடிச்சீங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சொல்லவில்லை.

ஆறாம் நாள் மாதேஷ் கண் விழித்தான். வலது கையில் மூன்று விரல்களை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள். செல்வி என்னை உள்ளே கூப்பிட்டாள். "அண்ணன் வந்திருக்காருங்க, பாருங்க. உங்களுக்காவ அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்" என்றாள் அவனிடம்.

மாதேஷ் என்னைப் பார்த்தான். உதடு அசைந்தது. குனிந்தேன்.

"ண்... ண்ணா."

"சொல்லுடா."

"ஹா... ஹாக்குங்களா? சா... சாக்குங்களா?"

சொல்லிவிட்டு உதட்டோரத்தில் சிரித்தான். பதினொரு வருடத்தில் மாதேஷ் சொன்ன முதல் ஜோக் அது. அதைப் போல ஒன்றை நான் என் ஆயுசில் சொன்னதில்லை.

செல்வி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னங்கண்ணா கேக்கறாரு?"

சாக்குச் சொல்ல நான்கைந்து வார்த்தைகள் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றன. மயக்கத்தில் உளறுகிறான் என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். என் வாயிலிருந்து வந்தது திக்கல். திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். வராந்தாவில் என்ன வேண்டினேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று எஸ்தர் இன்றும் சொல்கிறாள். என்னால் முடியவில்லை, அந்த ஜெபத்துக்கு ஆமென் சொன்னவள் செல்வி.

செல்வி கத்தவில்லை. திருநீற்றுப் பொட்டலத்தைத் தலையணைக்கு அடியில் சரியாக வைத்தாள். "வெளிய போங்க" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அங்கிருந்து நேரே இன்ஜினியரிடம் போய் வேறொரு தாளில் எழுதிக்கொடுத்தேன். நாகராஜுவைத் திரும்ப எடுத்தார்கள். என்னை வெளியே நிறுத்தினார்கள். நான்கு மாதம் கழித்து உதவியாளாகச் சேர்த்துக்கொண்டார்கள். கட்டடத்துக்குள் கழிவறை விளக்கும் மின்விசிறியும் மட்டும். சாமான் தூக்க ஓடுதளம் பக்கம் போகலாம், குழியில் கை வைக்கக் கூடாது. வாக்கி டாக்கி தொடக் கூடாது. நாகராஜு என்னிடம் இப்போது இரண்டே வார்த்தைகள் பேசுகிறார்: ஆன், ஆஃப். அதுவும் ஆங்கிலத்தில்.

மாதேஷ் திரும்பி வந்துவிட்டான். குழிக்குள் இறங்க முடியாது. ரெகுலேட்டர் அறையில் உட்காருகிறான். சாவி அவன் கழுத்தில். இடது கையால் அவன் அதைக் கழற்றிக் கொடுத்து, அது குழியில் இறங்குகிறவரின் பைக்குள் போகாமல் யாரும் எதையும் தொட முடியாது. வாக்கி டாக்கியில் அவன் சொல்லி முடிக்கும்வரை வெளியில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். "ஆ... ஆ... ஆ..." ஒருவரும் சிரிப்பதில்லை. "...ஃப்." அதன் பிறகுதான் கை நீளும். ஏணி தூக்கிக்கொண்டு நான் கூட நிற்கிற நாட்களில் மட்டும் அது வழக்கத்தைவிட நீளமாக வருகிறது. வேண்டுமென்றே செய்கிறான். எனக்குத் தெரியும். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அன்பானவர்களே, நீங்களும் அவரை நம்பி ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, எச்சரிக்கையாகச் சொல்கிறேன். வராந்தாவில் நான் கேட்டது அவர் காதில் விழுந்தது. விழுந்தும் அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார், நான் இன்னொன்றைக் கேட்கும்வரை. இப்போதெல்லாம் முழங்காலில் நின்றதும் நான் வாய் திறப்பதில்லை. ஒரு நொடி பொறுக்கிறேன். அந்த ஒரு நொடியில் செல்வி முன்னால் வந்து நின்று, அது அப்படியே நடக்க வேண்டும் என்கிறாள். அதற்குப் பிறகும் கேட்கத் துணிவு இருந்தால் மட்டும் கேட்கிறேன்.