கிராதிக்கு அப்பால் ஒரு முகம்

என் அக்கா ஞானபூரணி கோட்டையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறாள். வீடு காரைக்குடி செக்காலையில். போக டவுன் பஸ், வர டவுன் பஸ். மாமா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. இருப்பது ஒரே மகள், மரிய அனிதா. அவள் பி.எஸ்ஸி. முடித்த கையோடு, வெளியே வராத கன்னியர் மடம் ஒன்றில் சேர்ந்துவிட்டாள். அக்கா தடுக்கவில்லை. மூன்று நாள் என் போனை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த மடத்தில் வீட்டார் வருடத்துக்குச் சில தடவைதான் பார்க்கலாம். அதுவும் கம்பிக்கு அப்பால், முகம் சரியாகத் தெரியாத திரை வழியாக. நித்திய வார்த்தைப்பாடு, அதாவது சாகும்வரை துறவியாக இருப்பேன் என்ற வாக்கு, கொடுத்துக் கறுப்பு முக்காடு வாங்கும் அன்று மட்டும் பிள்ளை பீடத்தில் எல்லோரும் பார்க்க நிற்பாள். அந்த நேரத்து முகம் ஒரு படமாக வேண்டும் என்றாள் அக்கா. மடத்தின் விதி: போன் கூடாது, பெரிய கேமரா கூடாது. வீட்டுக்கு ஒரு சின்னக் கேமரா, பிளாஷ் போடாமல். முன் பெஞ்சுகள் சாமியார்களுக்கும் சிஸ்டர்களுக்கும், வீட்டார் கடைசியில். பீடத்தை மறித்து நிற்கும் கிராதிப் பக்கமே போகக் கூடாது.

அக்காவின் பழைய கேமரா அந்த மாதம்தான் லென்ஸ் சிக்கி நின்றுபோனது. வெளிநாட்டில், கால்கரியில் இருக்கும் நான், இங்கிருந்து புதிது அனுப்புகிறேன் என்றேன்.

"ஜூம் எத்தன மில்லிமீட்டர்ல முடியுதுன்னு பாத்து வாங்கு தம்பி."

"பழசு பத்து எக்ஸ்தானக்கா? இது இருபது."

"எக்ஸ் என்னடா எக்ஸ். பெரிய குவியத்தூரத்தச் சின்னதால வகுத்தா வர்றது அது. எதுல ஆரம்பிக்குதுன்னு தெரியாம அத வச்சு என்ன செய்ய?"

"டீச்சரம்மா பாடத்த ஆரம்பிச்சிட்டீகளா?"

"நீ என் கிளாஸ்ல இருந்திருந்தா இன்னும் ஒம்பதாவதுதான்."

உண்மையில் அப்போதே வாங்கி முடித்திருந்தேன். அட்டைப்பெட்டியில் பெரிதாக இருபது என்று போட்டிருந்தது. அது எனக்குப் போதுமாயிருந்தது. ஊருக்குப் போன நண்பன் ஹரீஷ் கையில் கொடுத்துவிட்டேன். சடங்குக்கு மூன்று நாள் முன்பு போய்ச் சேர்ந்தது. அன்றே அக்கா போன் செய்தாள்.

"கேமராவோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு. இருபத்திநாலுல ஆரம்பிச்சு நூத்தியிருவதுல முடியுது. வகுத்தா அஞ்சு. பாக்கி நாலு மடங்கு டிஜிட்டலாம். நடுவுல வெட்டி இழுத்துப் பெருசாக்குறது. பழசு முப்பத்தாறுல ஆரம்பிச்சு முந்நூத்தியறுவது வரைக்கும் போகும், தூரத்து மொகம் கிட்டத்துல வரும்."

"அங்குட்டுக் கடையில வேற கிடைக்குமா பாரு. பணம் அனுப்புறேன்."

"நாலு கடை ஏறி இறங்கிட்டேன். போன் இருக்கு, இல்லன்னா கல்யாணத்துக்கு எடுக்குற பெரிய கேமரா. இது மாதிரி யாரும் வாங்கி வைக்கிறதில்லயாம்." பிறகு அவளே, "பரவால்ல. இருபத்திநாலுல கோயில் முழுசும் விழும்" என்றாள்.

விழுந்தது. பூசை முடிந்த மறுநாள் முப்பத்தெட்டுப் படங்கள் வந்தன. முதல் படங்களில் கூரை, பீடம், மெழுகுத்திரிகள், வரிசையாக முதுகுகள், எல்லாவற்றுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு துளி. பிறகு வந்தவற்றில் அந்தத் துளி கொஞ்சம் வளர்ந்து ஒரு உருவமாகியிருந்தது. கடைசி ஆறில் முகம் சட்டம் முழுக்க இருந்தது. ஆனால் ஈரச் சுவரில் பாசி படிந்தது மாதிரி புள்ளி புள்ளியாக. கண் எது, நிழல் எது என்று தெரியவில்லை. அவள் அழுதாளா சிரித்தாளா என்பதும் தெரியவில்லை. அக்கா பார்க்க நினைத்தது அதைத்தான்.

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. படத்தைத் தெளிவாக்கும் செயலி ஒன்றில் கடைசிப் படத்தைப் போட்டேன். அரை நிமிடத்தில் முகம் வந்துவிட்டது. இமை மயிர் கூடத் தெரிந்தது, மெல்லிய சிரிப்பும். உடனே அக்காவுக்கு அனுப்பினேன்.

வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"யாரு தம்பி இது?"

"அனிதாதானக்கா. தெளிவாக்கியிருக்கேன்."

"பிள்ள அழகாத்தான் இருக்கா. ஆனா எம் பிள்ள இல்ல. அவளுக்கு இடது புருவம் கொஞ்சம் ஏறியிருக்கும். இது எவளோ. இல்லாதத அது தானா வரஞ்சு வச்சிருக்கு."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேமராவுக்கா இதற்கா என்று எனக்கே தெளிவில்லை.

"அத அழிச்சிரு. நானும் அழிச்சிட்டேன்" என்றாள். "இனிமே அவ மொகத்த நான் எங்க பாக்கப் போறேன்? இத நாலு தடவ பாத்தா அப்புறம் இதுதான் நெனப்புல நிக்கும்."

அழித்தேன். அழித்ததாகச் செய்தி போட்டேன். அங்கே அதற்குள் காலைப் பள்ளிக்கூட மணி அடித்திருக்கும்; அவள் அதைப் பார்க்கச் சாயங்காலம் ஆனது.