கழுத்து பதினாறு, இடுப்பு முப்பத்தொன்று

மூன்று மாதமாகக் கட்டிங் மாஸ்டரின் உடம்புக்குள் யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்த மாதிரி ஓட்டம். நாளுக்கு நாற்பது சட்டை வெட்டும் மேசையில் அறுபது வெட்டினார். உட்காரச் சொன்னால் எழுந்தார், நிற்கச் சொன்னால் நடந்தார். தையல்கடை முதலாளி அவரைக் காட்டியே மற்றவர்களை விரட்டினார். 'மின்னல்' என்று பட்டமும் வந்து சேர்ந்தது.

மின்னலோடு குடித்தனம் நடத்துவது மனைவி பாடு. அவள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டுப் புழுங்குகிறது என்பார். மூன்று வேளை போதாமல் நான்காவது வேளையும் தட்டை நீட்டினார். கன்னம் என்னவோ ஒட்டிக்கொண்டே போனது.

பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. வேறொருவர் என்றால் டாக்டரைப் பார்த்திருப்பார். இவர் தையல்காரர் அல்லவா, பேன்ட்டைப் பிடித்துத் தைத்தார். காலர் இறுக்கியது, பட்டனை நகர்த்தினார். உடம்பு கொடுத்த புகாரை எல்லாம் துணியின் தலையில் கட்டினார். துணி நெய்த மில்லுக்கும் நாலு ஏச்சு.

ஒன்றைத்தான் தைத்து மறைக்க முடியவில்லை. சாக்பீஸ் கோடு நடுங்கியது. கை போனால் மேசை போய்விடும். அதனால் யாரும் எட்டிப் பார்ப்பதற்குள் கோட்டின் மேல் கத்திரியை ஓட்டிவிடுவார். மின்னல் வேகத்தின் பாதி ரகசியம் அதுதான்.

அதே கடையின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பவள் மனைவி. அவருக்குப் புதுச்சட்டை தைக்கலாம் என்று அளவு நோட்டைப் புரட்டியவள், அவர் அளவுகள் எழுதிய பக்கத்தில் பென்சில் திருத்தங்களைப் பார்த்தாள். கழுத்து பதினைந்து பதினாறாகியிருந்தது. இடுப்பு முப்பத்துநாலு முப்பத்தொன்றாகியிருந்தது.

"துணி சுருங்கிடுச்சு" என்றார்.

"மேல சுருங்கி கீழ விரியுற துணி எந்தக் கடையிலங்க விக்குது? எனக்கும் ரெண்டு மீட்டர் வாங்கிட்டு வாங்க."

மறுநாள் டாக்டர் அவரை ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கச் சொன்னார். கழுத்தில் ஒரு வீக்கம் ஏறி இறங்கியது. நீட்டிய விரல்கள்மேல் வைத்த காகிதம் படபடவென்று ஆடியது. நாடித் துடிப்பு நூற்றுப்பத்து. ரத்தப் பரிசோதனை வந்ததும், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார்; மாத்திரை சாப்பிட்டால் நடுக்கம் குறையும், நாளாகும். விட்டால் இதயத்தைப் பிடிக்கும்.

மாஸ்டர் முதலாளியிடம் போய்க் கத்திரியை மேசைமேல் வைத்தார். கை அடங்கும்வரை வெட்ட மாட்டேன், பட்டன் கட்டுகிறேன் என்றார். முதலாளிக்கு வருத்தம்தான். "குணமானா அந்த அறுபது என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

"நாப்பதாகும். ஆனா நேரா இருக்கும்."

இப்போது தினமும் காலையில் பழைய செய்தித்தாளில் ஒரு கோடு போடுகிறார். மனைவி ஸ்கேலை வைத்துப் பார்க்கிறாள். அவர் அதற்குள் நாலு தடவை வாசலுக்குப் போய் வந்துவிடுகிறார்.

"இன்னும் ஒரு நூல் நெளியுதுங்க. மாத்திரை போட்டாச்சா?"