என் ஜெபத்தை வென்ற ஜெபம்

பிளேக் வந்த வருஷம், பத்து நாள் இடைவெளியில் என் அண்ணியும் அண்ணனும் போய்விட்டார்கள். சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லச் சொன்னீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்யப் பார்த்த ஒரு கெட்ட காரியத்தையும் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வருஷமாக அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. இதே பெங்களூரில், பட்டாளம் இருக்கும் தண்டுப் பகுதியில், மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தேன். அண்ணன் பட்டாளத்துச் சாமான் கிடங்கில் குமாஸ்தா. அவர் வீட்டில்தான் நானும் இருந்தேன். மேரி, ரூத், கிரேஸ் என்று அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். மூத்தவளுக்குப் பதினொன்று, கடைசிக்கு ஐந்து.

பிளேக் சாவு விழுந்த வீடு என்று சர்க்கார் ஆட்கள் எங்களை ஊருக்கு வெளியே தட்டிக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள். திரும்பி வந்தபோது, வெயில் பட்டு நோய் போகட்டும் என்று வீட்டுக் கூரையில் பாதி ஓடுகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சுவரெல்லாம் சுண்ணாம்பு. அண்ணியின் துணிமணிகளை எரித்துவிட்டிருந்தார்கள். கோயிலில் எங்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. போதகர் அம்மா ஆறுதல் சொல்ல வந்தார்கள், கேட்டுக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குக் கோபம் வந்தது. நோய் எங்களோடு இருக்கிறது என்று பயந்தவர்கள், ஆண்டவர் எங்களோடு இருக்கிறார் என்று ஏன் நினைக்கவில்லை?

எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் ஜெபம். அண்ணன் கிடங்கிலிருந்து வர நேரமாகும், அதனால் அண்ணிதான் நடத்துவாள். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, கடைசியில், "வேலைக்குப் போனவரைப் பத்திரமாய் வீடு கொண்டுவந்து சேரும்" என்று முடிப்பாள். தினமும் அதே வார்த்தை. நாங்கள் ஆமென் சொல்லும்போது சில நாள் வாசலில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்கும்.

கொட்டகையிலிருந்து வந்த முதல் சாயங்காலம் நான் ஜெபம் நடத்தினேன். பழக்க தோஷம், வாய் தன்பாட்டுக்குப் போய், "வேலைக்குப் போன அண்ணனைப் பத்திரமாய் வீடு கொண்டுவந்து சேரும்" என்று சொல்லிவிட்டது. கிரேஸ் சட்டென்று எழுந்து ஓடிப் போய் வாசலைப் பார்த்தாள். திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாளிலிருந்து ஜெபத்தை நிறுத்திவிட்டேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தையல் வேலை இருக்கிறது என்று இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு வேலையும் கிடையாது. வெற்று அறையில் உட்கார்ந்து அழுவேன். அந்த நாட்களில் நான் செய்த ஒரே ஜெபம், "என்னை இதிலிருந்து விடுவியும். என்னால் முடியாது" என்பதுதான்.

அண்ணியின் அண்ணன், பிள்ளைகளுக்கு மாமா, கோலார் தங்கவயலில் சுரங்க ஆபீசில் இருந்தார். சனிக்கிழமை வருகிறேன், பிள்ளைகளைப் பற்றிப் பேசி முடிவு செய்வோம் என்று கடிதம் எழுதியிருந்தார். அதே வாரம் மெட்ராசில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்துக்குத் தையல் டீச்சர் வேண்டும் என்று செய்தி வந்தது. கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். என் ஜெபத்துக்குப் பதில் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பெட்டியோடு தண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சனிக்கிழமை மாமா வரத்தானே போகிறார், அதுவரை பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி எங்கள் வாசல் பக்கம் தலை வைத்துப் படுக்காதவள். அதுவும் எனக்குத் தெரியும்.

ஸ்டேஷனில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டி வந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். மற்றக் காலைத் தூக்க முடியவில்லை. பயமா, உடம்புக்கு முடியவில்லையா, எதுவும் விளங்கவில்லை. பின்னால் நின்றவர், "ஏறும்மா, இல்லேன்னா வழிய விடு" என்றார். வழியை விட்டேன். வண்டி போய்விட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

சனிக்கிழமை மாமா வந்தார். நல்ல மனுஷர். "பாரும்மா, நீ கல்யாணம் ஆகாதவ. மூணு பொட்டப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே? பெரியவங்க ரெண்டு பேரை நான் கூட்டிட்டுப் போறேன். என் வீட்டுல அவ்வளவுதான் இடம். சின்னவள மிஷன் அநாதை விடுதியில விடலாம்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். திங்கட்கிழமை காலை வண்டிக்கு என்று முடிவாயிற்று.

ஞாயிறு விளக்கு வைத்ததும் மாமா ஜெபம் நடத்தினார். பிறகு, "நீங்களும் ஆளுக்கு ரெண்டு வார்த்தை ஜெபம் பண்ணுங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னார். கிரேஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பெயர்களை வரிசையாகச் சொல்லி முடித்து, "வேலைக்குப் போன அத்தையைப் பத்திரமாய் வீடு கொண்டுவந்து சேரும்" என்றாள்.

நான் அவள் பக்கத்தில்தான் முழங்காலில் இருந்தேன். ரூத் அவளை இடித்து, "அத்தை இங்கதாண்டி இருக்காங்க" என்றாள்.

"இப்படியா ஜெபம் பண்றீங்க?" என்று மேரியைக் கேட்டேன்.

"தினமும் விளக்கு வச்சதும் பண்ணுவோம் அத்தே. நீங்க நிறுத்திட்டீங்க இல்ல, அதான் நாங்களே பண்ணிக்கிறோம். அம்மா சொல்ற மாதிரியேதான்."

"வியாழக்கிழமையுமா?"

"அன்னைக்கு நீங்க ரொம்ப நேரமா வரல. கிரேஸ் அழுதா. அதனால ரெண்டு தடவ பண்ணோம்."

நான் தரையில் விழுந்து அழுதேன். மாமா பயந்துவிட்டார். அழுது ஓய்ந்தபின், "புள்ளைங்க மூணு பேரும் இங்கயே இருக்கட்டும்" என்று சொன்னேன். "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டார். யோசிக்கவில்லை என்றேன். அவர் திங்கட்கிழமை தனியாகப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நான் சொன்னால் பொய். கூரை இரண்டு மழைக்காலம் ஒழுகியது. ரூத்துக்கும் எனக்கும் ஓயாத சண்டை. எனக்குக் கல்யாணம் ஆகவே இல்லை, அதற்காக அழுத நாட்களும் உண்டு. ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்தேன். மூன்று பேரும் படித்தார்கள், கல்யாணமாகி மூன்று ஊருக்குப் போனார்கள். இன்று வீட்டில் நான் மட்டும். சாயங்காலம் வீட்டின் அமைதி என் மேல் வந்து உட்காருகிறது. தனிமை எனக்கு நீங்கவில்லை, சகோதரிகளே. ஆனால் கைவிடப்பட்டவள் என்று நான் மறுபடி நினைத்ததில்லை.

என் ஜெபத்தை ஆண்டவர் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு ஆயிரம் ஸ்தோத்திரம். உங்களில் யாராவது என்னைப்போல, இனி முடியாது, எங்காவது போய்விடலாம் என்று இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அவரை நம்புங்கள். உங்கள் காதுக்கு எட்டாத இடத்தில் உங்கள் பெயரை ஒருவர் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போங்கள்.